காணாமல் போனவரின் கணக்கு

பதினொன்று பத்து. பூட்டு இந்நேரம் திறந்திருக்கும். நேற்று இதே நேரத்துக்கு என் வாலட்டின் முகவரியை கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பதிந்தபோது, இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத்தான் இந்த முகவரிக்கு எதையும் அனுப்ப முடியும் என்று சிவப்பு எழுத்தில் காட்டினார்கள். சரி, நாலு மாதம் இழுத்தவர்கள் இன்னும் ஒரு நாள் இழுக்கட்டும் என்று இருந்துவிட்டேன், ஆனால் அந்த நாலு மாதத்தை விட இந்த ஒரு நாள்தான் நகரவில்லை. சிங்காநல்லூரில் ருக்மணி அக்காவின் பேக்கரி, பின்னறை, மைதா மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் நான். எதிர்ச் சுவரில் கடையின் கேமரா ரெக்கார்டர். நான் பொருத்திக் கொடுத்ததுதான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று காலையில் கூப்பிட்டார், புதிது மாட்டி ஃபார்மேட் போட்டிருக்கிறேன், முடிய எப்படியும் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு வேண்டும். போனில் வாலட் முகவரியைக் காப்பி பண்ணி எக்ஸ்சேஞ்சின் கட்டத்தில் ஒட்டுகிறேன். நாற்பத்திரண்டு எழுத்து. முதல் ஆறு சரி, கடைசி ஆறு சரி. நடுவில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று எல்லோரும் விடுகிறார்கள், அதனால் நான் நடுவிலும் பார்க்கிறேன். காப்பி பண்ணுவது ஒன்றாகவும் ஒட்டும்போது விழுவது திருடனுடைய முகவரியாகவும் மாற்றிவிடுகிற வைரஸ் இருக்கிறதாம், படித்ததிலிருந்து ஒவ்வோர் எழுத்தும் என்னை முறைக்கிறது. தப்பான இடத்துக்குப் போனால் போனதுதான். எந்தக் கவுண்டரிலும் போய் நின்று எழுதிக் கொடுக்க முடியாது, மேனேஜரைப் பார்க்கணும் என்று சத்தம் போட முடியாது. மேனேஜர் இல்லாத இடத்துக்குத்தானே போகிறாய், அப்புறமென்ன பயம் என்று என்னையே அதட்டுகிறேன். மறுபடி முதல் எழுத்திலிருந்து பார்க்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும்வரை டோக்கன், அதாவது நான் வாங்கிவைத்த கிரிப்டோ காசு, என் பெயரில்தான் இருக்கும், சாவி அவர்கள் கையில் இருக்கும். வாலட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் சாவி என்னிடம், வேறு யாரிடமும் இல்லை. சாவி என்றால் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், அந்த வரிசையில், அவ்வளவுதான். எழுதி வைத்திருக்கிறேன், எங்கே என்று சொல்ல மாட்டேன், மனப்பாடமாகவும் தெரியும், ஏணியில் ஏறும்போது படிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே ஏறுவேன். அந்த வாலட் என் பெயரைக் கேட்கவில்லை. அப்பா பெயர் கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்று கேட்டு மூன்று வட்டம் போட்டு ஒன்றில் டிக் அடிக்கச் சொல்லவில்லை. முதல் தடவை அதைத் திறந்தபோது, ஏதோ விட்டுப்போயிற்று, இன்னும் ஒரு பக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பன்னிரண்டு சொல்லைக் கொடுத்துவிட்டு, தயார் என்றது. எவ்வளவு நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. வாங்க ஆரம்பித்தது ஏழு வருஷத்துக்கு முன்னால், ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நெட்வொர்க் வேலை பார்த்தபோது. சம்பளம் வந்த அன்றைக்கே கொஞ்சம். பணக்காரனாகிற ஆசையில் வாங்குகிறான் என்று கடையில் கிண்டல் செய்தார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வேன், எனக்கு வேண்டியிருந்தது ஒரு சேலை என்று. ஈரோட்டில் சேலைக்கா பஞ்சம், வாரச் சந்தைக்குப் போனால் கை கொள்ளாமல் வாங்கலாம். வாங்கி எங்கே வைப்பது? கோபியில் எங்கள் வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே பீரோ. ஒரு தடவை ஊதா நிறத்தில் ஒன்று வாங்கி, பஸ்ஸில் கோபிக்கு வருகிற வழியிலேயே பயந்து, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் டோக்கன். டோக்கனுக்கு பீரோ வேண்டாம், மடிக்க வேண்டாம், யாரும் தொட்டுப் பார்த்து இது யாருடையது என்று கேட்க மாட்டார்கள். எனக்கே எனக்கு என்று நான் முதன்முதலில் வைத்துக்கொண்டது அதுதான். அதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார்கள். ஒன்றும் செய்யப்போவதில்லை. வைத்திருக்கப்போகிறேன். வைத்திருப்பது ஒரு காரியம் இல்லையா?

கணக்கு ஆரம்பித்தபோது எனக்குப் பின்னால் யாருக்கு என்று கேட்டிருந்தார்கள், அண்ணன் பெயரைத்தான் போட்டேன், பூபதி, உறவு அண்ணன். வேறு யாரைப் போட. நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்குப் பழைய போனை மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன், அது அடித்துக்கொண்டே இருக்கும், வீட்டில் எனக்கு வைத்த ஆண் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், வேண்டாம் என்று. சிம்மும் அதிலேயே போயிற்று, எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிற செய்திகளும் அண்ணன் கைக்கே போயின. ஆத்திரத்தில் செய்த முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். எக்ஸ்சேஞ்சில் நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதும், என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். வெளியே எடுக்க அந்த நம்பருக்கு வரும் ஓடிபி வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன், தெருவிலிருந்து ஜன்னல் வழியாக நம் வீட்டையே பார்ப்பது மாதிரி. போன தை மாதம் ஒரு நாள் அதுவும் போயிற்று. கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தது. ஏன் என்று எழுதிக் கேட்டால், கணக்குக்கு உரியவர் காணவில்லை என்று குடும்பத்தார் மனு கொடுத்திருக்கிறார்கள், போலீஸ் ரசீது இணைத்திருக்கிறார்கள், வாரிசுக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறார்கள், தாங்கள் யார் என்று பதில். தாங்கள் யார். அன்றைக்குப் பீளமேட்டில் ஒரு மருந்துக் கடையில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். ஏணி மேல் நின்றபடி அதைப் படித்தேன். கீழே மானிட்டரில் ஏணி மேல் நிற்கிற நானே எனக்குத் தெரிந்தேன், வலது மேல் மூலையில், தேதியோடு, மணியோடு. இந்த ஊரில் குறைந்தது நாற்பது கடைகளின் ரெக்கார்டரில் என் முகம் இருக்கிறது. பரிசோதிப்பதற்கு முதல் ஆளாக நான்தான் கேமரா முன்னால் போய் நிற்பேன். காணவில்லையாம். யாருக்குக் காணவில்லை? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி புரண்டேன். செத்துப்போனான் என்று எழுதியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும், அவர்களுடைய மனசில் அப்படித்தானே என்று விட்டிருப்பேன். இது அப்படியில்லை. தேடினோம், கிடைக்கவில்லை என்கிற பொய். தேடவே இல்லை.

நாலு மாதம் எழுதினேன். அரசிதழில் பெயர் மாற்றியதை அனுப்பினேன், ஆதார் அனுப்பினேன், பான் அனுப்பினேன், மாவட்ட ஆட்சியர் கொடுத்த திருநங்கை அட்டையை அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும், தங்கள் பொறுமைக்கு நன்றி. பொறுமை எங்கே இருந்தது? கடைசியில் போன வாரம் வீடியோவில் வரச் சொன்னார்கள். பவுடர் போடலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம். பழைய போட்டோவைப் போல் இருக்க வேண்டுமா, புதிய அட்டையைப் போல் இருக்க வேண்டுமா, எந்த முகத்தைக் கேட்பார்கள்? எதுவும் போடாமல் போய் உட்கார்ந்தேன். வந்தது ஒரு சின்னப் பெண், ஹேமலதா என்று பெயர் சொன்னாள், பெங்களூர்த் தமிழ். கையில் ஒரு காகிதத்தில் இன்றைய தேதியையும் பெயரையும் எழுதிப் பிடிக்கச் சொன்னாள். செண்பகம் என்று எழுதிப் பிடித்தேன். காகிதத்தை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பிறகு அவள் திரையில் எதையோ படித்தாள், தயங்கினாள். முன்னாடி இருந்த பேரை வாய்விட்டுச் சொல்லணும், ரெக்கார்டு ஆகணும், அப்படித்தான் விதி என்றாள். நாலு வருஷமாக அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்ததில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. இதற்காகவா என்று தோன்றியது, இவ்வளவு டோக்கனும் வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும், கேமராவை அணைத்துவிடலாம். கை பட்டன் மேலேயே போய்விட்டது. அப்போது அந்தப் பெண், "நீங்க சொல்ல வேணாம் மேடம். நான் படிக்கறேன், ஆமான்னு தலையாட்டினா போதும்" என்றாள். படித்தாள். மெதுவாக, அவசரமில்லாமல், யாரோ ஒருவருடைய பெயரைப் படிப்பது மாதிரி. ஆட்டினேன். ஆமாம், அது என் பெயராக இருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது அந்தப் பெயர்தான், பஸ்ஸில் சேலையை விட்டுவிட்டு வந்ததும் அதுதான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. கோபம் அதை என் மேல் திணிக்கிறவர்கள் மேல்தான். நேற்றுக் காலை பெயர் மாறியது, நம்பர் மாறியது, முடக்கம் நீங்கியது, உடனே வாலட் முகவரியைப் பதிந்தேன்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பக் கூடாது, முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்க்க வேண்டும். தெரியும். ஆற்றில் இறங்குகிறவள் ஒரு காலை வைத்துப் பார்ப்பது மாதிரி. மிகக் குறைந்த அளவைப் போட்டேன். எந்த நெட்வொர்க் வழியாக அனுப்புவது என்று கேட்டது, அதில் தவறினாலும் போச்சு, மூன்று தடவை பார்த்தேன். ஓடிபி என் போனுக்கே வந்தது. என் நம்பருக்கு. ஆறு இலக்கம், அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. போட்டேன். அனுப்பப்படுகிறது என்று ஒரு வளையம் சுற்றத் தொடங்கியது. இப்போது அது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். கோபியிலிருந்து கிளம்பி இந்த ஊரில் ஒரு ரூம் கிடைக்கிறவரை பதினோரு நாள் அப்படித்தான் சுற்றினேன், போன இடத்திலெல்லாம் வாடகைக்கு இல்லை என்றார்கள், பலகை தொங்கிக்கொண்டிருக்கும்போதே. ருக்மணி அக்கா டீயைக் கொண்டுவந்து மூட்டை மேல் வைத்தார். இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார், ரெக்கார்டரைப் பற்றித்தான் கேட்கிறார். பாதி தாண்டிருச்சுங்க்கா என்றேன். என் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு முடியலீங்களா என்றார். இல்லீங்க்கா என்றேன். வளையம் சுற்றுகிறது. முகவரியில் ஏழாவது எழுத்து பி-யா எட்டா? பார்த்தேனே, பார்த்தேன்தான், இருந்தாலும். போன் அதிர்ந்தது. வந்துவிட்டது என்று பாய்ந்தால் அண்ணன். நேற்றிலிருந்து எட்டாவது தடவை. நம்பர் மாறியதும் அண்ணனிடம் இருக்கிற பழைய சிம்முக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கும், உங்கள் எண் நீக்கப்பட்டது என்று. அது போன ஒரு மணி நேரத்தில் என்னுடைய இந்த நம்பருக்கு அடிக்கிறான். என் நம்பர் அவனிடம் எப்படி? நேற்று முழுக்க அதையே நினைத்தேன். இன்றைக்குக் காலையில் பல் துலக்கும்போது பளிச்சென்று வந்தது: சித்தப்பா மகன். போன வருஷம் உக்கடத்தில் ஒரு செருப்புக் கடையில் என்னைப் பார்த்துவிட்டு, தெரியாதவன் மாதிரியே நின்று, கேமராவுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, என் விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு போனான். அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும் போனில் வாலட்டின் சின்னச் சத்தம். வந்திருந்தது. அந்தத் துளி அங்கே உட்கார்ந்திருந்தது, யாரையும் கேட்காமல். டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன், நாக்கு வெந்துபோயிற்று, பரவாயில்லை.

ஒன்பதாவது தடவை அடித்தபோது எடுத்தேன். ஏன் எடுத்தேன்? பயந்து எடுக்கவில்லை. சொல்ல வேண்டியது இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு மூட்டை மேல் வைத்தேன், எக்ஸ்சேஞ்ச் பக்கம் திறந்தே இருந்தது. டேய் என்று ஆரம்பித்தான். இரண்டாவது தடவையும் டேய் என்றான். மூன்றாவது தடவை, ஹலோ என்றான். சொல்லுங்கண்ணா என்றேன். என் குரல் அவனுக்குப் புதிது, ஒரு நொடி யார் என்று தடுமாறியிருப்பான். பிறகு கொட்டினான். தீவனக் கடையில் நஷ்டம், கோழிப் பண்ணைக்காரர்கள் பாக்கி வைத்து ஏமாற்றிவிட்டார்கள், ஊரில் தலைகாட்ட முடியவில்லை, உனக்கென்ன, நீ போய்ட்டே, இருக்கிறவனுக்குத்தானே கேள்வியெல்லாம். நான் ஒன்றும் உன்ற காசைக் கேக்கலை என்றான். அதுதான் என்னை நிமிர்த்தியது. அப்ப யார் காசைக் கேக்கறீங்க என்றேன். "அது என்ற தம்பி சம்பாதிச்சது. என்ற பேரைப் போட்டு வச்சிட்டுப் போனான். உனக்கும் அதுக்கும் என்ன?" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை, நம்பிச் சொன்னான், அதுதான் சுட்டது. அவன் மனசில் ஒரு தம்பி இருக்கிறான், ஒழுங்கானவன், எங்கோ தொலைந்துபோனவன், என்றைக்காவது ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்குவான். அந்தத் தம்பியைத் தொலைத்தவள் நான். ஒரு கணம் எனக்கே அண்ணனை நினைக்கப் பாவமாக இருந்தது. கதவருகே ருக்மணி அக்கா நின்றார், காலி டம்ளரை எடுக்க வந்தவர், என்னைப் பார்த்தார், டம்ளரை எடுக்காமலே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். கடையின் சத்தம் நின்றது. பாதிப் பாதி என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான், பாதியைக் கொடு, மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன், இல்லையென்றால் நாளைக்கே வக்கீலை வைத்து மறுபடி முடக்குவேன். முடக்குவான். முடியுமா? நாலு மாதம் முடக்கி வைக்க முடிந்ததே, ஏன் முடியாது. ஒரு காகிதமும் ஒரு ரசீதும் போதும், நான் மறுபடி காகிதத்தைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு பெண் முன்னால் உட்கார வேண்டும், எல்லோரும் ஹேமலதாவாக இருக்க மாட்டார்கள். கை தானாகவே போனுக்குப் போனது. முழுவதும் என்ற இடத்தைத் தொட்டேன். முகவரியைப் பார்த்தேன், முதல் ஆறு, கடைசி ஆறு, நடு. அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, என்ற கார்டு உங்ககிட்ட இருந்துச்சா?" என்று கேட்டேன். எந்தக் கார்டு என்றான். கேமரா மாட்டறதுன்னு நம்பர் போட்ட கார்டு, போன வருஷம் சித்தப்பா மகன் வாங்கிட்டு வந்தது. அந்தப் பக்கம் தீவனக் கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது, யாரோ எண்ணிக்கை சொன்னார்கள். ஓடிபி வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்த ஆறு இலக்கத்தையும் போட்டேன், நிதானமாக, ஒவ்வொன்றாக. கடைசிப் பட்டனுக்கு மேல் கட்டை விரல் நின்றது. தவறினால் அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, ஏழு வருஷம் இல்லை. இல்லாமல் போகட்டும் என்றது உள்ளே ஒரு குரல், போனாலும் என் கையால் போகட்டும். அழுத்தினேன். "இருந்துச்சு," என்றான் அண்ணன். "மேசை டிராயர்ல கிடந்துச்சு." ஒரு வருஷமாகவா, காணவில்லை என்று மனு கொடுத்தபோதும் அங்கேதானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பான், அதைக் காதால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. வளையம் சுற்றியது. "அனுப்பிட்டேன்ணா," என்றேன், "எல்லாத்தையும். இனி அங்க ஒண்ணும் இல்ல. முடக்கணும்னா வெறும் கணக்கை முடக்கிக்கலாம்." எங்கே அனுப்பினே, எந்த பேங்கு என்றான். பேங்கு இல்லை என்றேன். அப்படியென்றால் யாருகிட்ட இருக்கு என்றான். என்கிட்ட என்றேன். இதைச் சொன்னபோது குரல் உடையும் என்று நினைத்தேன், உடையவில்லை, என் குரல்தான், முழுசாக வந்தது. அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. நீண்ட மூச்சு ஒன்று விட்டான். அந்த மூச்சு எனக்குத் தெரியும், ஒரே அறையில் இருபத்தேழு வருஷம் தூங்கியிருக்கிறோம். கடன்காரர்கள் வருவார்களே என்று நினைத்தேன், நினைத்துவிட்டு, அது வேறு விஷயம் என்று அதைத் தள்ளி வைத்தேன். கேட்டால் கொடுப்பேனோ என்னவோ. கேட்கிறவன் என்னைக் கேட்க வேண்டும், காணாமல் போனவனின் அண்ணனாக வந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அதையும் சொன்னேன். வேணும்னா என்கிட்ட கேளுங்க, இருக்கறது நான்தான். திரையில் வளையம் நின்று பச்சையாயிற்று, வாலட்டில் முழுவதும் வந்து நின்றது, பார்த்தேன், அதற்குள் பார்வை கலங்கிவிட்டது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினான். ஸ்டேஷன்ல குடுத்ததைத் திருப்பி வாங்கணும், இல்லாட்டி நாளைக்கு எனக்குப் பிரச்சினை, ஆள் இருக்குன்னு எழுதிக் குடுக்கணும் என்றான். எழுதிக் குடுங்க என்றேன். என்ன பேருன்னு எழுதறது என்று கேட்டான். நாலு வருஷத்தில் முதல் தடவை. செண்பகம் என்றேன். அங்கே பேனா தேடுகிற சத்தம், காகிதம் புரட்டுகிற சத்தம். எழுதினான் என்று நினைக்கிறேன். ஒரு தடவை சொல்லிப் பாருங்க, சரியா எழுதியிருக்கீங்களான்னு தெரியட்டும் என்றேன். பேனாவை மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு வாயில வரமாட்டேங்குது" என்றான்.

"பழகிக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்தேன்.